யாழ்ப்பாணத்துப் பெயர்களும் ஆண்வழி மரபணுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலும் லண்டனிலும் வளர்ந்த பிள்ளைகள் டி.என்.ஏ. சோதனை செய்துவிட்டு ஊருக்குத் தொலைபேசி எடுத்து, "எங்கட பரம்பரை எங்கயிருந்து வந்தது?" என்று கேட்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. ஊரிலுள்ள பெரியவர்களுக்கு அந்த முடிவுத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்குவதில்லை. பிள்ளைகளுக்கோ ஊரில் பெயர் வைத்த முறை விளங்குவதில்லை. இரண்டு பக்கமும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பெயர் பரம்பரையாக இறங்குவதில்லை. ஆகவே ஆங்கிலேயர் தங்கள் குடும்பப் பெயர்களைத் தேடிப்போன வழி நமக்கு அப்படியே சரிவராது. நாம் காகிதத்திலிருந்தும் காணியிலிருந்தும் தொடங்க வேண்டும். மரபணு அதற்குப் பிறகுதான்.

ஆண்வழி மரபணு என்று எதைச் சொல்கிறார்கள்?

நம் கலங்களில் 23 சோடி நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், இருக்கின்றன. அவற்றில் வை நிறமூர்த்தம் ஆண்களுக்கு மட்டும் உண்டு. தகப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று அது போகும். மற்றவை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து ஒவ்வொரு தலைமுறையிலும் கலந்துவிடும். வை மட்டும், இரு நுனிகளிலும் உள்ள சிறு பகுதிகளைத் தவிர, கலக்காமல் அப்படியே இறங்கும். ஏறத்தாழ 6 கோடி எழுத்து நீளமான இந்த நிறமூர்த்தத்தை முழுமையாக வாசித்து முடித்ததே 2023இல்தான்.

படியெடுக்கும்போது எப்போதாவது ஒரு எழுத்து மாறும். அந்த மாற்றத்தை விகாரம் என்பார்கள். மாறியது மாறியபடியே அடுத்த தலைமுறைக்குப் போகும். இரண்டு ஆண்களின் விகாரங்களை ஒப்பிட்டால், அவர்களுடைய தகப்பன் வழி எங்கே ஒன்றாகச் சேர்கிறது என்று ஓரளவு கணக்கிடலாம்.

இதற்கும் குடும்பப் பெயருக்கும் என்ன சம்பந்தம்?

இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் தகப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகிறது. பெயரும் வை நிறமூர்த்தமும் ஒரே பாதையில் வருவதால், ஒரே பெயருள்ள ஆண்கள் ஒரே மூதாதையின் வழி வந்தவர்களா என்று பார்க்கலாம் அல்லவா? ஒக்ஸ்போர்ட்டில் மரபியலாளர் பிரயன் சைக்ஸ் தன் சொந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்ததில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே வகை வை இருந்தது. அந்த ஆய்வு 2000இல் வெளிவந்தது.

பிறகு லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் 40 பெயர்களை எடுத்து 1,600க்கு மேற்பட்ட ஆண்களைப் பார்த்தார்கள். 2009இல் வந்த அந்த முடிவு தெளிவானது. அற்றன்பரோ போன்ற அரிய பெயர்களில் பெரும்பாலானோர் ஒரே வழியினர். சிமித் போன்ற பரவலான பெயரிலோ, தெருவில் போகிற யாரோ இருவரை ஒப்பிட்டால் கிடைக்கிற அளவு ஒற்றுமைதான் கிடைத்தது. சிமித் என்றால் கொல்லர். கொல்லுத் தொழில் செய்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அந்தப் பெயரைப் பலர் தனித்தனியே வைத்துக்கொண்டார்கள். அரிய பெயர் பெரும்பாலும் ஒரு ஆளிடமிருந்து தொடங்கியது.

நம்மிடம் குடும்பப் பெயரே இல்லையே. அப்படியானால் இது நமக்கு உதவாதா?

உதவும், ஆனால் வேறு விதமாக. நம் ஊரில் தகப்பனின் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாக நிற்கும். பேரப்பிள்ளைகளின் காலத்தில் அது போய்விடும். பலருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துப் பார்ப்போம். மானிப்பாய் அருணாசலம் என்பவரின் மகன் பொன்னம்பல முதலியார். அவருடைய பிள்ளைகள் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்ற மூவர். பின்னிருவரும் சேர் பட்டம் பெற்ற பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும். அந்த அருணாசலத்தின் மகன் சேர் அருணாசலம் மகாதேவா. நாலு தலைமுறையிலும் ஆண்வழி ஒன்றுதான். பெயரோ ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுகிறது. பாட்டனின் பெயர் பேரனுக்கு வந்திருப்பதையும் கவனியுங்கள். அதுவும் நம் வழக்கம்.

இன்னும் முக்கியமானது, மூத்தவருக்குக் குமாரசுவாமி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பது. பொன்னம்பல முதலியாரின் மனைவி செல்லாச்சி அம்மாள், சட்டசபை உறுப்பினராக இருந்த பருத்தித்துறைப் பக்கத்து ஆ. குமாரசுவாமி முதலியாரின் மகள். அதாவது பிள்ளைக்குத் தாயின் தகப்பன் பெயர். அந்த முதலியாரின் மகன் சேர் முத்து குமாரசுவாமி. அவருடைய மகன் கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி. ஆக, பொ. குமாரசுவாமியும் ஆனந்த குமாரசுவாமியும் முறைக்கு மச்சான்மார். பெயர் ஒன்று, நெருங்கிய இரத்த உறவும் உண்டு, ஆனால் ஆண்வழி வேறு வேறு. குமாரசுவாமி என்ற பெயருள்ள ஆண்களை எல்லாம் சேர்த்துச் சோதனை செய்யப் புறப்பட்டால், இந்த ஒரு குடும்பத்திலேயே கணக்குத் தவறிவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இப்போது குடும்பப் பெயர் இருக்கிறதே?

படிவத்தில் ஒரு கட்டம் இருந்ததால் வந்த பெயர் அது. உதாரணத்துக்குக் கந்தையாவின் மகன்மார் இருவர், சிவலிங்கமும் கனகலிங்கமும், 1980களில் ஒருவர் ரொறன்ரோவுக்கும் ஒருவர் பாரிசுக்கும் போனார்கள் என்று வையுங்கள். மூத்தவரின் பிள்ளைகளுக்குச் சிவலிங்கம் குடும்பப் பெயர் ஆகிறது. இளையவரின் பிள்ளைகளுக்குக் கனகலிங்கம். ஊரில் இருந்திருந்தால் அண்ணன் தம்பி என்று வளர்ந்திருப்பார்கள். பெயரைப் பார்த்தால் யாரோ எவரோ. இன்னும் 100 ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் வழியினர் தேடும்போது பெயர் அவர்களைச் சேர்க்காது, வை நிறமூர்த்தம் சேர்க்கும். இந்தச் சோதனையால் நமக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். இப்போது தொடங்குகிற குடும்பப் பெயர்களுக்கு அடியில் இருக்கும் பழைய உறவை அது காப்பாற்றி வைக்கும்.

பிள்ளை, முதலியார், செட்டி, ஐயர் என்பவை குடும்பப் பெயர்கள் இல்லையா?

இல்லை. அவை மரியாதை விகுதி, பதவி, தொழில் அல்லது குலத்தைக் குறிப்பவை. முதலியார் என்பது ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அரசு கொடுத்த பதவியும் பட்டமும். நாவலர் என்பதும் அப்படித்தான்: நல்லூர் கந்தப்பிள்ளையின் மகன் ஆறுமுகத்துக்கு 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த பட்டம் அது. இவற்றை வைத்து ஆண்வழி தேட முடியாது.

சிங்களவரின் "கே" என்று முடியும் வாசகமப் பெயர்கள் தகப்பன் வழியில் இறங்குபவை. இலங்கையில் குடும்பப் பெயர் முறையில் வை ஆய்வு செய்வதென்றால் அந்தப் பெயர்களே பொருத்தமானவை.

எங்கள் பெயர் டி சில்வா. போர்த்துக்கேய இரத்தம் இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் பிடித்து 1658 வரை ஆண்டார்கள். மன்னார்ப் பக்கத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது அதற்கு முன்பே, 1540களில் தொடங்கிவிட்டது. ஞானஸ்நானம் பெற்றவருக்கு ஞானத்தகப்பனின் பெயரோ, அங்கிருந்த அதிகாரியின் பெயரோ கிடைப்பது அந்நாள் வழக்கம். பெயர் வந்த வழி கோயில். இரத்தம் வந்த வழி வேறாக இருக்கலாம். கரையோரத்தில் பெரேரா, பெர்னாண்டோ, டி சில்வா என்று இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோரின் ஆண்வழி இந்த மண்ணுக்குரியதாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இது சோதித்து அறியக்கூடிய கேள்வி என்பதுதான் நல்ல விஷயம். போர்த்துக்கல் ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆர்1பி என்ற ஆண்வழிக் கிளையின் மேற்கு ஐரோப்பியப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தென்னாசியாவில் அந்தப் பிரிவு அரிது. உங்கள் வீட்டு ஆண் ஒருவருக்கு அது வந்தால் ஐரோப்பிய ஆண்வழி இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். வராவிட்டால், தகப்பன் வழியாக இல்லை என்று மட்டும் சொல்லலாம். தாய்மார் வழியாக ஒரு போர்த்துக்கேயர் வந்திருந்தால் இந்தச் சோதனையில் அவர் தெரியமாட்டார்.

அமெரிக்க மிஷன் பெயர்களும் அப்படித்தானா?

அதைவிடத் தெளிவான கதை அது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. அமெரிக்காவில் இருந்து ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பியவர்கள், தாங்கள் சொல்கிற பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கும்படி கேட்கலாம். அப்படித்தான் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை போன்ற பெயர்கள் வந்தன. முன்னவர் "உதயதாரகை" பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். பின்னவர் சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவர். இருவரும் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகள். இப்படிப்பட்ட பெயர்களில் சில பின்னாளில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டன. அந்தப் பெயரைத் தாங்கிய ஒருவர் அமெரிக்காவிலுள்ள அதே பெயர்க் குடும்பத்தோடு தன் வையை ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது, பொருந்தவும் தேவையில்லை. ஆனால் செமினரியில் படித்த அந்த ஒரு முன்னோரிலிருந்து இறங்கிய ஆண்கள் தங்களுக்குள் ஒப்பிட்டால் பொருந்தவேண்டும். யாழ்ப்பாணத்தில் சைக்ஸ் செய்தது போன்ற ஆய்வு நடக்கக்கூடிய இடம் இதுதான். பெயர் தொடங்கிய காலம் தெரியும், தொடங்கிய ஆளும் பெரும்பாலும் தெரியும், 200 ஆண்டுக்குள்ளான கதை, சபைப் பதிவேடுகளும் உண்டு.

இலங்கையில் வாழும் ஐரோப்பிய வழியினரான பறங்கியர்?

அவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், ஒல்லாந்தக் கம்பனிக் காலத்து ஐரோப்பியர் ஒருவரின் தகப்பன் வழியில் வந்தவரா என்று பார்த்தே உறுப்பினராகச் சேர்த்தது. தன் சஞ்சிகையில் குடும்ப வமிசாவளிகளையும் அச்சிட்டது. காகிதம் முழுக்க ஆண்வழியிலேயே இருப்பதால் வை முடிவை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு பேரின் முடிவை எப்படி ஒப்பிடுகிறார்கள்?

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து அனுப்புவார்கள். ஆய்வுகூடம் இரண்டு விதமான விஷயங்களைப் பார்க்கும்.

முதலாவது, மீள்வுகள். வையில் சில இடங்களில் நான்கைந்து எழுத்துக் கொண்ட சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவார்கள். முடிவுத்தாளில் டி.ஒய்.எஸ். 393 என்ற இடத்துக்கு நேரே 13 என்றும், டி.ஒய்.எஸ். 19 என்ற இடத்துக்கு நேரே 15 என்றும் எண்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் மற்றவருடைய வரிசையை வைத்துப் பாருங்கள். அவருக்கு 13, 16 என்று இருந்தால் இரண்டாவது இடத்தில் ஒரு படி வித்தியாசம். இப்படி 12, 37, 67, 111 இடங்கள் என்று சோதனைகள் வந்திருக்கின்றன. 12 இடச் சோதனையின் முடிவை மட்டும் நம்ப வேண்டாம். தற்செயலாகப் பொருந்துகிறவர்கள் ஏராளம். 37 இடங்களில் நாலு படி வரை வித்தியாசம் இருந்தால் பொருத்தம் என்று கணக்கெடுக்கிறார்கள். ஒரு இடத்தில் மாற்றம் வருவது சராசரியாக ஐந்நூறு பிறப்புக்கு ஒரு தடவை என்ற அளவில்தான். சில இடங்கள் வேகமாக மாறும். எனவே 37 இடமும் ஒத்துவந்தாலும் பொது மூதாதை அப்பப்பாவாகவும் இருக்கலாம், பத்துத் தலைமுறைக்கு அப்பாலும் இருக்கலாம்.

இரண்டாவது, ஒற்றை எழுத்து மாற்றங்கள். இவை மிக அரிதாகவே திரும்ப மாறும். அதனால் ஆண்வழியின் பெரிய மரத்தில் உங்கள் கிளை எது என்று இவைதான் உறுதியாகச் சொல்லும். வையின் பெரும்பகுதியை வாசிக்கும் விலை கூடிய சோதனையில், சராசரியாக ஏறத்தாழ 80 ஆண்டுக்கு ஒரு மாற்றம் தென்படும். தலைமுறைக் கணக்குக்கு இதுவே நம்பத்தக்கது.

சரி, எதை வாங்குவது? முதலில் இரண்டு பேருக்கு 37 இடச் சோதனை. பொருந்தினால், அதே மாதிரியை வைத்துக்கொண்டு மேலே போகலாம். உமிழ்நீரை எடுத்து "நீங்கள் இத்தனை வீதம் தென்னிந்தியர்" என்று சொல்லும் பொதுச் சோதனைகள் வேறு விஷயம். அவற்றில் சில வைக் கிளையின் பெயரை மட்டும் சொல்லும், சில அதையும் சொல்லா.

எங்கள் குடும்பத்தில் யாரைச் சோதிக்க வேண்டும்?

தகப்பன் வழியில் எவ்வளவு தூரம் விலகியவர் கிடைக்கிறாரோ அவ்வளவு நல்லது. அப்பாவும் பெரியப்பாவும் சோதித்தால் அப்பப்பா வரைக்கும்தான் உறுதியாகும். அப்பப்பாவின் குஞ்சியப்பா (சித்தப்பா) வழியில் ஒரு பேரனைக் கண்டுபிடித்துச் சோதித்தால் பூட்டனையும் தாண்டிப் போகலாம்.

ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. நம் முறையில் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளும் அண்ணன் தம்பிதான். ஆனால் அவர்களுடைய வை அவர்களின் தகப்பனுடையது. மாமா மகன், மாமி மகன் என்ற மச்சான்மாரும் உங்கள் ஆண்வழி அல்லர். அப்பாவின் அண்ணன் தம்பியான பெரியப்பா, குஞ்சியப்பா மகன்மார் மட்டுமே பொருந்துவார்கள்.

நம் ஊரில் மச்சான் மச்சாளைக் கட்டுவது தலைமுறை தலைமுறையாக நடந்தது. அதனால் பொதுச் சோதனைகள் தூரத்து உறவினரைக்கூடக் கிட்டிய உறவினராகக் காட்டிவிடும். ஒரே ஊரார் இருவர் நாலைந்து வழிகளில் சொந்தமாக இருப்பார்கள், அத்தனையும் கூட்டலாக வரும். வைக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஒரு வழி மட்டுமே என்பதுதான் அதன் பலம்.

இரண்டு வீட்டாரும் ஒரே பரம்பரை என்று நம்பியிருந்தோம். முடிவு பொருந்தவில்லை. யாரைச் சந்தேகிப்பது?

யாரையும் வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் குரலில் இருக்கும் பதற்றம் எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேற்கு ஐரோப்பாவில் செய்த ஆய்வுகள், ஒரு தலைமுறையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பிறப்பில் பதிவிலுள்ள தகப்பனும் உடல்வழித் தகப்பனும் வேறாக இருப்பதாகக் காட்டுகின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால் பத்துத் தலைமுறையில் பத்து வழிகளில் ஒன்று எங்காவது முறிந்திருக்கும். அரச குடும்பத்திலும் அப்படித்தான். இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகள் 2012இல் லெஸ்டரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கீழே கிடைத்தன. பெண்வழி மரபணு உயிரோடிருக்கும் உறவினரோடு பொருந்தியது. ஆண்வழியில், காகிதப்படி ஒரே மூதாதையின் வழி வந்த ஐந்து பேரைச் சோதித்தார்கள். ஒருவருக்குக்கூட மன்னரோடு பொருந்தவில்லை. அந்த ஐவரிலும் ஒருவர் மற்ற நால்வரிலிருந்து வேறுபட்டார்.

நம் ஊரில் இப்படி முறிவதற்கு ஒளிவுமறைவில்லாத காரணங்களே நிறைய உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை தத்தெடுப்பை ஏற்றிருந்தது. மஞ்சள் நீர் குடித்துப் பிள்ளையைத் தத்தெடுக்கும் சடங்கு அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. தத்துப்பிள்ளைக்குச் சொத்தும் உண்டு, பெயரும் உண்டு. இரண்டு தலைமுறை போனால் அது தத்து என்பதையே ஊர் மறந்துவிடும். தகப்பன் இறந்தபின் தாயின் இரண்டாவது கணவன் பெயரில் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளைகள், கொள்ளைநோய்க் காலத்தில் தாய்மாமன் வளர்த்தெடுத்த பிள்ளைகள், போர்க்காலத்தில் அயல் வீட்டார் தங்கள் பிள்ளையாகப் பதிந்தவர்கள் எல்லோரும் உண்டு. வளர்த்த குடும்பம்தான் அவர்களுடைய குடும்பம். சோதனைக்கு முன்பே இரு வீட்டாரும் உட்கார்ந்து, "பொருந்தாவிட்டாலும் சொந்தம் சொந்தம்தான்" என்று பேசிக்கொள்ளுங்கள். அதைச் சொல்லத் தயங்குகிற குடும்பத்துக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

நாங்கள் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தி வம்சம். இதை நிரூபிக்கலாமா?

முடியாது. ஒப்பிடுவதற்கு அரசர் ஒருவரின் உறுதியான எச்சம் வேண்டும், அது இல்லை. கடைசி அரசன் சங்கிலியைப் போர்த்துக்கேயர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஆண்வழியில் அரச வம்சம் என்று சொல்லும் இரண்டு குடும்பங்களை ஒப்பிட்டு, கிளை வேறாக வந்தால், இரண்டில் ஒன்றாவது ஆண்வழியில் அரச வம்சம் இல்லை என்று சொல்லலாம். எது என்று சொல்ல முடியாது. இரண்டும் பொருந்தினாலும் பொது மூதாதை ஒருவர் இருந்தார் என்பதுதான் தெரியும். அவர் தலையில் அரச முடி இருந்ததா என்பது தெரியாது.

எங்கள் சாதியை இது காட்டுமா?

காட்டாது. எச், எல், ஆர்1ஏ, ஆர்2, ஜே2 என்ற ஆண்வழிக் கிளைகள் தமிழரிடமும் சிங்களவரிடமும் தென்னிந்தியரிடமும் கலந்தே காணப்படுகின்றன. ஒவ்வொன்றும் பல ஆயிரம் ஆண்டுப் பழமையானது. இன்றைய சாதிப் பெயர்களோ, யாழ்ப்பாண இராச்சியமோ தோன்றுவதற்கு எவ்வளவோ முன்பு பிரிந்தவை. ஒரே ஊரில் ஒரே சாதி என்று சொல்லிக்கொள்ளும் பத்துப் பேரில் நாலைந்து கிளைகள் வருவது ஆச்சரியமில்லை. வேறு சாதி என்று ஒதுக்கியவரும் நீங்களும் ஒரே கிளையாக இருக்கலாம். கல்யாணப் பேச்சில் இந்தத் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். தீவில் முதலில் வந்தவர் யார் என்ற சண்டைக்கும் இதை இழுக்க வேண்டாம். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. வை பேசுவது அதில் ஒருவரைப் பற்றி மட்டும்.

வைபவமாலையில் எங்கள் முன்னோர் வந்த இந்திய ஊர் இருக்கிறது. அதைச் சரிபார்க்கலாமா?

மாதகல் மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்காக எழுதியது யாழ்ப்பாண வைபவமாலை. எந்தப் பிரபு எந்த ஊரிலிருந்து வந்து எங்கே குடியேறினார் என்று அதில் வரிசை உண்டு. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்திய எழுத்து அது. சரிபார்க்க வேண்டுமானால் அந்த இந்திய ஊரிலும் பழைய குடும்பங்கள் சோதித்திருக்க வேண்டும். தரவுத்தளங்களில் தமிழர் மிகக் குறைவு, ஐரோப்பியரே அதிகம். ஆகவே "உங்களுக்குப் பொருத்தம் யாருமில்லை" என்று வந்தால் மனம் தளர வேண்டாம். இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்பதே அதன் பொருள்.

பெண்வழியைப் பார்க்க முடியாதா?

பார்க்கலாம், யாழ்ப்பாணத்தில் கட்டாயம் பார்க்கவும் வேண்டும். இழைமணி, அதாவது மைட்டோகொண்ட்ரியா, மரபணு தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். மகள் வழியாகத் தொடரும். ஒல்லாந்தத் திசாவை (மாவட்ட அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமையில் சொத்து மூன்று வகை: முதுசம் (முன்னோரிடமிருந்து வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது). வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். இதை யோசித்துப் பாருங்கள். ஒரு வளவில் நூறு ஆண்டாக அம்மம்மா, அம்மா, மகள் என்று பெண்கள் நிலைத்திருக்க, ஆண்கள் தலைமுறைக்குத் தலைமுறை வேறு வேறு ஊரிலிருந்து வந்து சேர்கிறார்கள். அப்படியானால் "நாங்கள் இந்த ஊர்" என்று சொல்வது பெரும்பாலும் பெண்வழி உண்மை. ஆண்வழி உங்களை அப்பப்பா பிறந்த ஊருக்கும், அவருடைய தகப்பன் பிறந்த ஊருக்கும் இழுத்துக்கொண்டு போகும். உடுப்பிட்டிக்காரர் என்று நினைத்தவர் காரைநகரில் போய் நிற்பார்.

சோதனைக்கு முன் எந்தக் காகிதங்களைத் தேடுவது?

முதலில் வீட்டு அலுமாரியில் இருக்கும் கல்வெட்டுகள். ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். பெரும்பாலும் முன்பக்கத்தில் படமும் திதி வெண்பாவும், உள்ளே தேவாரமும் வாழ்க்கை வரலாறும், சிலவற்றில் கடைசியில் வமிசாவளியும் இருக்கும். கிளை கிளையாகக் கோடு போட்டு, "கந்தர் + வள்ளியம்மை" என்று தொடங்கிப் பேரப்பிள்ளைகள் வரை வரும். வேறு எங்கும் இல்லாத பூட்டன் பெயர் அதில் கிடைக்கும். ஒரே குடும்பத்தின் பல கல்வெட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் விடுபட்ட மகன் இன்னொன்றில் இருப்பார். வெள்ளத்திலும் இடப்பெயர்விலும் இவை நிறைய அழிந்துவிட்டன. கையில் இருப்பதை உடனே படமெடுத்து வையுங்கள்.

அடுத்து காணி உறுதிகள். "இன்னார் மகன் இன்னாருக்கு முதுசமாக வந்தது" என்ற ஒரு வரி, இரண்டு தலைமுறை ஆண்வழியைச் சட்டப்படி சொல்லிவிடும். அதற்கும் பின்னால் ஒல்லாந்தர் ஆட்களையும் காணிகளையும் பதிந்த தோம்புகள். எஞ்சியவற்றைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் கேட்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள். சைவர்களுக்குக் கோயில் உபயம். எந்தத் திருவிழா எந்தக் குடும்பத்துக்கு என்பது பல கோயில்களில் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயிருக்கிறது. பழைய உபயகாரர் பட்டியலைக் கேட்டால் ஐயரோ தர்மகர்த்தாவோ எடுத்துத் தருவார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏடுகளும் போயின. அதனால் வீடுகளில் மிஞ்சியிருப்பவற்றுக்கு இன்று இரட்டிப்பு மதிப்பு.

என் முடிவை இணையத்தில் போட்டால் ஆபத்தா?

அது உங்களுடைய முடிவு மட்டுமன்று. அண்ணன், தம்பி, மகன், பெரியப்பா மகன் எல்லோருக்கும் அதே வைதான். 2013இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், பெயர் நீக்கப்பட்ட மரபணுத் தரவிலிருந்து வை மீள்வுகளை எடுத்து, பொது வமிசாவளித் தளங்களில் குடும்பப் பெயரைத் தேடி, ஏறத்தாழ 50 பேரை அடையாளம் கண்டு காட்டினார்கள். ஊரில் இருக்கும் நமக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லாததால் அந்த வழி அவ்வளவு எளிதன்று. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்புப் போய்விட்டது. 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தில் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரம் கசிந்தது. 2025இல் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. எனவே புனைபெயரில் பதியுங்கள், மற்றவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ஆண்கள் யாரும் உயிரோடு இல்லை. என்ன செய்வது?

போருக்குப் பிறகு இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்கிறார்கள். பெண்ணின் உடலில் வை இல்லை. தகப்பனும் சகோதரரும் இல்லாவிட்டால், தகப்பனின் அண்ணன் தம்பி அல்லது அவர்களின் மகன்மார் ஒருவர் போதும். அவர்களும் இல்லாவிட்டால் அப்பப்பாவின் சகோதரர் வழியில் தேடுங்கள். எந்த நாட்டில் இருந்தாலும் சரி. சில வீடுகளில் தகப்பனின் பழைய சவர அலகு, அவர் நாக்கால் ஈரமாக்கி ஒட்டிய கடித உறை போன்றவை மிஞ்சியிருக்கும். அவற்றிலிருந்து சிலவேளை மரபணு எடுக்கலாம். கையால் தொடாமல், பொலித்தீனில் போடாமல், காகித உறையில் உலர வையுங்கள்.

காணாமற் போனோரைத் தேடுவதிலும் வை பயன்படும். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் 2025இல் எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டதிலிருந்து பலர் இதைக் கேட்கிறார்கள். வை மட்டும் ஒருவரை அடையாளம் காட்டாது. தகப்பன் வழி ஆண்கள் எல்லோருக்கும் அது பொது. தாயின் மாதிரியும் மற்ற மரபணுக்களும் சேர்ந்தால்தான் முடிவு வரும். ஆனால் தாய் தகப்பன் இருவரும் போய்விட்ட வீட்டில், பெரியப்பா ஒருவரின் மாதிரி அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும். வயதானவர்கள் இருக்கும்போதே, அவர்கள் விரும்பினால், மாதிரியை எடுத்து வைத்துவிடுங்கள்.